கழற்றிய அங்கவடி

என் கடைச் சுவரில் ஓர் இரும்பு வளையம் தொங்குகிறது. குதிரைச் சேணத்தில் கால் ஊன்றுகிற அங்கவடி. சோடியாக இருக்கவேண்டியது, ஒன்றுதான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சொன்னால் மச்சாளைப் பற்றியும் சொல்லவேண்டும். என் மாமாவின் மகள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவன். இன்று என் பெயரில் லொறிகள் ஓடுகின்றன என்றால், எவரும் தூக்கிவிட்டு வந்ததல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் மாட்டுவண்டி ஓட்டியவன் நான். வெள்ளைக்காரக் கடற்படை கப்பலேறியபோது ஒரு துரை விட்டுப்போன செந்நிறக் குதிரையை எங்கள் முதலாளி, துறைமுக வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கும் கொந்தராத்துக்காரர், வாங்கினார். வேலைத்தலங்களைச் சுற்றிப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "வெள்ளிக்கிழமை இதில ஏறி வந்தியெண்டா வேலை உனக்கு. ஏலாட்டி வண்டிதான்" என்றார்.

ஏறினேன். முதுகை வில்லாக வளைத்துத் துள்ளியது, மணலில் கிடந்தேன். மறுபடி ஏறினேன். வாய் முழுக்க மணல், தோளில் தோல் இல்லை. விட்டுவிட்டு வருகிற ஆள் நானில்லை. பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மச்சாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மச்சான், ஒரே இடத்தில விழுங்கோவன். எல்லா இடமும் குழியாகுது!"

வியாழன் பின்னேரம் கிட்ட வந்தாள். "வலது காலைப் பாருங்கோ. பெருவிரலால இடிக்கிறியள். அது வண்டி மாடில்லை."

வண்டிக்காரன் கால் அப்படித்தான். மாடு தயங்கினால் பின்தொடையில் ஓர் இடி. கேட்காமலே கால் போய்விடும். "என்ர கால் எனக்குத் தெரியும்" என்று ஏறி, இடித்து, விழுந்தேன். அடக்கிப் பார்த்தும் கால் அடங்கவில்லை. அவள் வலப்பக்க அங்கவடியைக் கழற்றிக் கருவாட்டுக் கூடைக்குள் போட்டாள். "ஊண்ட இடமில்லாட்டி இடிக்கேலாது. இப்ப ஏறுங்கோ."

ஏறினேன். வலது கால் சும்மா தொங்கியது. குதிரையின் காதுகள் பின்னால் சாய்ந்தன, முதுகு இறுகியது. பிடரியைப் பிடித்து உடும்பாக ஒட்டியிருந்தேன். இரண்டு துள்ளல், பிறகு நடந்தது. மறுநாள் காலை முதலாளியின் வாசலில் போய் நின்றேன்.

"மற்ற அங்கவடி எங்கையடா?"

"எனக்குத் தேவைப்படேல்லை, முதலாளி."

மச்சாள் சம்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். போன மாதம் கடைக்கு வந்தாள். நான் கதிரையில் இருந்தபடி, பிந்தி வந்த சாரதியை ஏசிக்கொண்டிருந்தேன். அவள் பையிலிருந்து இந்த அங்கவடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஓம் மச்சான், நல்லா ஏசுங்கோ. ஒருக்கா காலைப் பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். பெருவிரல் மேசைக் காலை இடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஆணி அடித்தேன், கதிரையில் இருந்து நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில்.