கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பியர்

மார்ச் தொடக்கத்தில், உருகிய பனி மறுபடியும் இறுகிப்போயிருந்த ஒரு காலையில், எங்கள் கட்டிடத்தின் வெளிப்படியில் மேல்மாடிப் பிள்ளை சறுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். கடைசிப் படியில் இருந்தபடி வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். "ஆன்ட்டி, ஒடஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன்," என்றாள். ஏதோ பாத்திரம் உடைந்துவிட்டது என்பதுபோல.

சென்னைப் பிள்ளை. முப்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை, தனியாக இருக்கிறாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற இந்தப் பகுதியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒரு garderie-யில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். அதுவரை எங்களுக்குள் "bonjour" என்பதற்கு மேல் பெரிய பேச்சில்லை. அன்று நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மாலையில் கட்டுப்போட்ட கையோடு கீழே வந்து, வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"ஒரு ஹெல்ப் வேணும் ஆன்ட்டி. மேல ஒரு பீர் ரெடியாகிட்டு இருக்கு. இன்னிக்குப் பழம் போட்டாகணும். ஒரு கையால டின் தொறக்க முடியல."

"என்ன ரெடியாகுது?"

"பீர். நானே பண்றது."

நாங்கள் பியர் என்போம், அவர்கள் பீர் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அந்தச் சொல் எனக்கு ஆகாது. என் கணவர் குடித்துக் குடித்தே ஈரல் பழுதாகிப் போனவர். அவர் போன பிறகு இந்த வீட்டுக்குள் ஒரு போத்தலும் வரக்கூடாது என்று நானும் மகனும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே தீர்மானித்திருந்தோம். மகன் இப்போது கர்க்லாண்ட் புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறான். வேலையிடத்து விருந்துகளில்கூட அவன் கையில் தண்ணீர்க் கிளாஸ்தான்.

"டின்னை மட்டும் திறந்து தாறன்," என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

அவளுடைய சமையலறை மூலையில் மூடியிட்ட ஒரு பெரிய வெள்ளை வாளி. மூடியின் நடுவில் வளைந்த சின்னக் குழாய். அதற்குள் இருந்த தண்ணீரில் ஒவ்வொரு குமிழாக மெல்ல வெளிவந்துகொண்டிருந்தது. பார்லியையும் கோதுமையையும் வேகவைத்து வடித்த நீர் அது என்றாள். தயிர் புளிப்பதுபோல முதலில் அதைப் புளிக்க வைத்து, பிறகு ஈஸ்ட் போட்டிருக்கிறாள். வனிலாவும் பால் சர்க்கரையும் சேர்த்திருக்கிறாள். ஈஸ்டுக்குப் பால் சர்க்கரை செரிக்காதாம், அதனால் இனிப்பு கடைசிவரை நிற்குமாம். "டெசர்ட் மாதிரி வரணும். ஸ்பூன் போட்டுச் சாப்பிடலாமான்னு தோணணும்," என்றாள்.

இரண்டு மாம்பழக்கூழ் டின்கள், எங்கள் தெருக்கடையில் வாங்கியவை. உறைந்த ராஸ்பெரியும் கருந்திராட்சை மாதிரியான ஒரு சின்னப் பழமும் பை பையாக இருந்தன. டின்னைத் திறந்தேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் அவள் இடது கையால் ராஸ்பெரியை மசிக்கப் பார்த்தாள், பாதி மேசையில் தெறித்தது. தினமும் குழந்தைகளுக்குப் பழம் மசித்துக் கொடுப்பவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"விடு பிள்ளை, நான் செய்யிறன்."

பழங்களைச் சூடாக்கி மசித்து, விதை அகல வடித்து, ஆறவிட்டோம். அவள் சொல்லச் சொல்ல, கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் கழுவிய அகப்பையால் நான் கலக்கினேன். வைக்கோல் நிறத்தில் கிடந்த நீரில் மாம்பழ மஞ்சள் மேகம்போலப் பரவியது. அதன்மேல் சிவப்பு இறங்கியது. கலக்கக் கலக்க அது செம்மஞ்சளாகி, ரோசாவாகி, கடைசியில் எங்கள் ஊர்க் கத்தரிப்பூவின் நிறத்துக்கு வந்து நின்றது. நான் அகப்பையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு வேலை முடிந்து வரும்போதெல்லாம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். கை சுகமா என்று கேட்கத்தான் போனேன். ஆனால் கண் முதலில் வாளிக்குத்தான் போகும். ஒருநாள் இருவருமாகப் போத்தல்களில் நிரப்பினோம். அவளுடைய சின்ன ஃபிரிட்ஜில் பாதிதான் கொண்டது.

"மீதிய உங்க ஃபிரிட்ஜ்ல வெச்சுக்கறீங்களா? வெளில மட்டும் வெச்சிடாதீங்க ஆன்ட்டி. பழச் சர்க்கரை உள்ள இருக்கு, கேஸ் ஏறிட்டே இருக்கும்."

"ஓம், ஓம்," என்றேன். வீட்டுக்குள் போத்தல் வரக்கூடாது என்ற தீர்மானம் அப்போது நினைவுக்கே வரவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. மகன் வீட்டுக்குக் கொடுத்துவிட ஒரு வாரம் முன்பிருந்தே சமைக்கத் தொடங்கினேன். ஃபிரிட்ஜில் இடமில்லாமல் போனபோது நாலு போத்தல்களை எடுத்து, கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் வைத்தேன். கொஞ்ச நாள்தானே என்று நினைத்தேன்.

வருடப்பிறப்புக்கு முதல் நாள் மகன் சாப்பாட்டை எடுத்துப்போக வந்தான். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவன், வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக மேசைக்கு முன்னால் இருந்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று அலுமாரிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்ததாக இன்னொன்று. கதவின் கீழ் இடுக்கு வழியாகக் கத்தரிப்பூ நிற நுரை தரையில் வழிந்து வந்தது.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ!" என்று அவன் எழுந்து ஓடிவந்து மெல்லக் கதவைத் திறந்தான். கண்ணாடித் துண்டுகள். பழ மணம், அதன் அடியில் புளித்த மணம். அவன் முகம் மாறியது.

"இது என்ன?"

"பியர்."

"ஆரின்ரை பியர்?"

"மேல் வீட்டுப் பிள்ளையின்ரை. நானும் சேர்ந்துதான் செய்தனான்."

"நீங்களோ? நீங்கள் குடிக்கிறனீங்களோ?"

"ஒரு துளிகூட வாயில வைக்கேல்லை."

"பிறகு ஏனம்மா செய்தனீங்கள்?"

உண்மையைத்தான் சொன்னேன். "அது வடிவா இருந்தது."

"வடிவா இருந்ததோ," என்றான். அவ்வளவுதான். முழங்காலில் நின்று கண்ணாடியைப் பொறுக்கினான், தரையை இரண்டு தரம் துடைத்தான். சட்டைக் கையில் நிறம் பட்டிருந்தது. பிறகு சாப்பாட்டை எடுக்காமலே போய்விட்டான்.

விஷயம் அறிந்து மேல்மாடிப் பிள்ளை அழும் நிலையில் வந்தாள். "சாரி ஆன்ட்டி. எல்லாத்தையும் சிங்க்ல கொட்டிடலாம்."

"கொட்டுறதுக்கே இவ்வளவு பாடுபட்டனாங்கள்? ஒண்டைத் திற."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவள் இரண்டு சின்னக் கிளாஸ்களில் ஊற்றினாள். நுரைகூட ரோசா நிறம். அறுபது வயதில் முதல் முறையாக வாயில் வைத்தேன். முதலில் நெல்லிக்காய் கடித்ததுபோலப் புளித்தது. பிறகு மாம்பழம் வந்தது. விழுங்கிய பிறகு, வனிலாவும் பால் இனிப்பும் நாக்கில் தங்கி நின்றன. பரவாயில்லை என்றுதான் இருந்தது. இன்னொரு வாய் வேண்டும் என்று தோன்றவில்லை.

அவள் ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடி யோசித்தாள். "வனிலா கொஞ்சம் ஜாஸ்தி. மாம்பழத்த அமுக்கிடுச்சு," என்றாள். இன்னொரு மிடறு. பிறகு பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு அடுத்த முறைக்கு என்ன பழம் போடலாம் என்று பேசத் தொடங்கினாள்.

நான் அந்தப் பாதிக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருட வாழ்க்கையில் என் கணவர் ஒரு கிளாஸை மிச்சம் வைத்து நான் கண்டதில்லை. அதைவிட, அது நன்றாக இருக்கிறது, கசக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ருசித்துக் குடித்தவர் அல்ல அவர். காய்ச்சல்காரன் குளிசையை விழுங்குவதுபோல விழுங்கினார். எந்தக் காய்ச்சலுக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவர் இருந்ததுமில்லை. போத்தலைத்தான் நான் இத்தனை காலமும் வெறுத்திருந்தேன். அவரை வெறுப்பதைவிட அது சுகமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மகன் வந்தான். நான் கூப்பிடாமலே வந்து அதே கதிரையில் இருந்தான்.

"அந்த மணம் அப்பாவின்ரை மணம்கூட இல்லையம்மா," என்றான். "ஆனா எனக்குத் திரும்பவும் எட்டு வயசு ஆயிட்டுது."

நான் தேநீரை வைத்துவிட்டு எதிரில் இருந்தேன்.

"உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? நான் பள்ளிக்கூடத்தால வந்து அப்பாவின்ரை போத்தல்ல கொஞ்சத்தை வெளியில ஊத்திப்போட்டு, தண்ணி விட்டு வைக்கிறனான். ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

"நீயும் செய்தனியோ?"

"நீயும் எண்டா?"

"நான் காலமை வேலைக்குப் போக முன்னம் தண்ணி விடுறனான்."

அவன் என்னையே பார்த்தான். "அப்ப காலமை நீங்கள், பின்னேரம் நானோ?"

"ஓம்."

"அதுதான் அப்பா எப்ப பாத்தாலும், இந்த நாட்டுச் சாமான்ல ஒரு காரமும் இல்லையெண்டு பேசினவர்!"

அவன் சிரிக்கத் தொடங்கினான். எனக்கும் அடக்க முடியவில்லை. பாவம் அந்த மனுசன், முக்கால்வாசியும் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அவன் முதலில் நிறுத்தினான்.

"காரம் காணாமல்தானே பிறகு ரெண்டு போத்தலா வாங்கத் தொடங்கினவர். எங்களாலதானோ அம்மா?"

இத்தனை வருடமும் அவன் தண்ணீரைத் தவிர வேறொன்றைத் தொடாமல் இருந்ததற்குள் இந்தக் கேள்வியும் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"இல்லை," என்றேன். "ஒரு சின்னப் பிள்ளை தண்ணி விட்டதால ஒருத்தரும் சாகிறேல்லை. நீ அவரைக் காப்பாத்தப் பாத்தனி. நானும் பாத்தன். ஏலாமல் போச்சுது. அவ்வளவுதான்."

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் எழுந்துபோய் முதுகில் கையை வைத்தேன்.

அவன் இன்னும் குடிப்பதில்லை, குடிக்கப்போவதுமில்லை. நானும் அந்த ஒரு வாயோடு சரி. ஆனால் மேல்மாடியில் அடுத்த வாளிக்குப் பழம் மசிக்கப் போகிறேன் என்று அவனிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அவனும் அப்பாவைப் பற்றி இப்போது கதைக்கிறான். போன கிழமை தொலைபேசியில், தன் மகளுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னவன், "என்னை ஆர் பழக்கினது? அப்பாவோ?" என்று கேட்டான்.

"ஓம், அப்பாதான்," என்றேன். "பார்க்கில பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடினவர். நீ விழேல்லை."