ஆளில்லாத கம்பத்துக்குள் ஒரு கோல்

நான் இருக்கும் தீவில் கப்பல் ஆட்களுக்காகக் காத்திருக்கும். நோர்வேயின் வடக்கே, ஒரு மீன் தொழிற்சாலையும் ஒரு தேவாலயமும் ஒரு கடையும் உள்ள சின்னத் தீவு இது. போன சனிக்கிழமை, என்னோடு வேலை செய்யும் ஆர்ன என்ற நோர்வேக்காரருடன் மறுகரைக்குப் போக ஃபெரியில் ஏறியிருந்தேன். சங்கு ஊதி, இரும்புப் பாலத்தைத் தூக்கி, கப்பல் கரையை விட்டு விலகியும் விட்டது. அப்போது மலை வளைவில் ஒரு வேன் தலைதெறிக்க வந்தது. உள்ளே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உதைபந்தாட்டப் பிள்ளைகள். மறுகரையில் அவர்களுக்கு ஆட்டம். கப்பல்காரர் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பக் கரைக்கு வந்தார், பாலத்தை இறக்கினார், பிள்ளைகளை ஏற்றினார். இருந்தவர்கள் ஒருவரும் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் முகத்தைப் பார்த்த ஆர்ன, எனக்கு ஏதோ அவசரம் என்று நினைத்துவிட்டார். கொஞ்ச நேரம்தானே, பிள்ளைகள்தானே என்று சமாதானம் சொன்னார். "இங்கன் ப்ரொப்ளேம்" என்றேன். பரவாயில்லை என்று அர்த்தம். என் அரைகுறை மொழியில் வேறு என்ன சொல்ல? அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். எங்களுக்கு ஒருவனும் காத்திருக்கவில்லையே என்பதுதான் என் கோபம்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் வேலணைத் தீவுக் கல்லூரி, பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான உதைபந்தாட்டத்தில் முதன்முதலாக அரையிறுதிவரை வந்தது. இறுதியாட்டத்தைக் கண்ணால் கண்டிராத கல்லூரி அது. அணியில் பாதிப் பேர் என்னைப் போலத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் கடற்தொழில் செய்யும் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தலைவன் மரியதாஸ் நாரந்தனைப் பையன். விடியப்புறம் தகப்பனோடு வலை இழுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவான், பின்னேரம் எங்களை இழுப்பான். மண்கும்பான் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்களைப் புல்லில் ஒருவராலும் பிடிக்க ஏலாது என்பார், எங்களைப் பழக்கிய கனகு மாஸ்டர். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தப் பருவம் முழுக்க நாங்கள் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

அரையிறுதியில் எங்களுக்கு எதிராக யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெரிய கல்லூரி ஒன்று. பெயர் வேண்டாம், இங்கே எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. ஆட்டம் எங்கள் மைதானத்தில். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டி விளையாட வருகிற அணியைச் சோறு போடாமல் அனுப்புவதில்லை, வென்றாலும் சரி, தோற்றாலும் சரி. அன்றும் மரியதாசின் தாய் பெரிய சட்டியில் மீன் குழம்பு வைத்தார். என் தாய் புட்டவித்துக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வியர்க்க விறுவிறுக்க நின்றார்கள். ஆனால் பட்டணத்து அணி வரவில்லை. பட்டணத்துக் கோட்டைக்குள் இருந்த ஆமி செல் அடிக்கத் தொடங்கி, பட்டணத்தையும் தீவையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தால் ஒரு சைக்கிளும் வர முடியாமல் போயிற்று. அவர்கள் மேல் பிழை இல்லை.

மத்தியஸ்தர் முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். வராத அணியை வெல்வதற்கு ஒரு சடங்கு இருந்தது. வந்த அணி மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும், மத்தியஸ்தர் விசில் ஊதுவார், ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு போய் ஆளில்லாத கம்பத்துக்குள் அடிக்க வேண்டும், மறுபடி விசில். அவ்வளவுதான், இறுதியாட்டம் எங்கள் கையில். மரியதாஸ் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான், நிலத்தில் வைக்கவில்லை.

"சேர், அவைக்கெண்டு சமைச்சு வைச்சிருக்கிறம். சோறு வைச்சு நாங்கள் பாத்துக்கொண்டு நிண்ட ஆக்களுக்கே, வரேல்லை எண்டு கோல் அடிக்கிறது?"

மத்தியஸ்தர் சட்டத்தைச் சொன்னார். கனகு மாஸ்டர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒருவனும் மரியதாசுக்கு மாறாக வாய் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஆசை இருந்ததுதான், ஆனால் அந்த மீன் குழம்பின் வாசத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறொரு நாள் விளையாடுவோம் என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். சோற்றை நாங்களே தின்றோம். பெரிய மனிதர்களாகிவிட்ட நினைப்பில் வீடு போனோம்.

போட்டியை நடத்தியவர்கள் மறு ஆட்டத்தைப் பட்டணத்தில் வைத்தார்கள். தீவுப் பக்கம் வருவது ஆபத்தாம். நாங்கள் அங்கே போவது ஆபத்தில்லையாக்கும்! அன்றும் பண்ணைப் பாலம் பூட்டு. கனகு மாஸ்டர் விடியவே எங்களை மறுகரையில் அராலிப் பக்கமாகப் போகிற வள்ளத்தில் ஏற்றினார். நீர் வற்றிய நேரம், பாதி வழியில் வள்ளம் தரை தட்டியது. ஹெலிகொப்டர் வந்து சுட்டால் என்ன செய்வது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி, பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு, முழங்கால் சேற்றில் நடந்தோம். கரையேறினால் பஸ் இல்லை. ஒரு லொறிக்காரரின் புண்ணியத்தில் பாதி தூரம், மீதி ஓட்டமும் நடையும். மைதான வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர, உள்ளே கைதட்டல் கேட்டது. விசிலும் கேட்டது. எங்கள் கம்பத்துக்குள் பந்து கிடந்தது.

அதே மத்தியஸ்தர்தான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் தம்பி என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்களுக்கு மட்டும் எப்போதும் பொன்குடம். அவர்களுடைய ஆசிரியர் ஒருவர், நீங்கள் இன்னும் வெள்ளெனவே வெளிக்கிட்டிருக்கலாமே என்று கனகு மாஸ்டருக்குப் புத்தி சொன்னார். தீவாருக்கு நேரம் தெரியாது என்று பின்னால் யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. சேறு காய்ந்து வெடித்த கால்களோடு நின்ற எங்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர் தர அந்தப் பெரிய கல்லூரியில் ஆள் இருக்கவில்லை. மரியதாஸ் நேரே அவர்களுடைய தலைவனிடம் போனான். அடிக்கப் போகிறான் என்று பயந்தேன். அவன் கையை நீட்டினான். கை குலுக்கியபடியே கேட்டான்.

"வந்துகொண்டிருந்த ஆக்களுக்கு எப்பிடியப்பா கோல் அடிச்சனீர்?"

மற்றவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வருடக் கோப்பை அவர்களுக்குத்தான் போயிற்று. எங்கள் கல்லூரிக்கு அதற்குப் பிறகு ஒரு பருவமும் வாய்க்கவில்லை. பின்னர் ஆமி தீவுகளைப் பிடித்தது, ஊர் கலைந்தது. மரியதாஸ் வெளிநாடு வரவில்லை. வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு ஓடியவன், அந்தப் பெரிய கல்லூரியின் வகுப்பறை ஒன்றில்தான் மனைவி பிள்ளைகளோடு அகதியாக இருந்தான் என்று கேள்வி. யன்னலைத் திறந்தால் அந்த மைதானம் தெரியுமாம்.

இந்த ஆனியில் ஒஸ்லோவில் தமிழர் விளையாட்டு விழா நடந்தது. ஊரில் எந்தக் கல்லூரியோ, அந்தப் பெயரில் பழைய மாணவர்கள் அணி கட்டி விளையாடுவார்கள். எங்கள் தீவாருக்கு இங்கே ஓர் அணி கட்ட ஆள் காணாது. பார்க்கத்தான் போனேன். பட்டணத்து அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. அவர்களுடைய பொறுப்பாளர், தலை வழுக்கை விழுந்த, அன்று மரியதாஸ் கை குலுக்கிய அந்தப் பழைய தலைவர், ஒரு சட்டையை நீட்டி, வந்து விளையாடும் என்று அன்பாகத்தான் கேட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் எந்தக் கல்லூரி என்று சொன்னேன், அந்த வருடத்தையும் சொன்னேன்.

"ஓம், நாங்கள் கப் எடுத்த வருசமல்லோ. அரையிறுதியிலை நீங்களே எங்களோடை விளையாடினனீங்கள்? எனக்கு அந்த ஆட்டம் ஞாபகமே இல்லை."

எப்படி ஞாபகம் இருக்கும்? விளையாடினால்தானே. நான் மிச்சத்தைச் சொல்ல வாயெடுக்க முன்னமே, அவருடைய அணிப் பையன்கள் வாருங்கோ அண்ணை, வாருங்கோ அண்ணை என்று என்னை மைதானத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்நிய நாட்டில் என்னை அண்ணை என்று கூப்பிட அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? சட்டை என் கையில் இருந்தது. போடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நோர்வேக்கார மத்தியஸ்தர் நடுக்கோட்டில் நின்ற என்னிடம் வந்து, "வில்கத் லாக்?" என்று கேட்டார். எந்த அணி என்று கேட்கிறார். எனக்கு நன்றாக விளங்கியது. கையிலிருந்த சட்டையைப் பார்த்தேன். பாவம், எனக்கு மொழி தெரியாதாக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, மறுபடி கேட்டார்.