எஸ்தருக்கு நான் போட்ட எட்டாம் வகுப்பு

போன வாரம் பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் முகத்தை இரண்டு முறை பார்த்தார். அப்புறம் கேட்டே விட்டார். "சார், நீங்க பேப்பர்ல எழுதறவர்தான?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன்? நாலு பேர் கேட்கிற மாதிரி "ஆமாங்க" என்றேன்.

அவருடைய தங்கை முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறாளாம். மஸ்கட்டில் வேலை. "நீங்க ஏர்போர்ட் பத்தி எழுதனத வீட்டுல கட் பண்ணி வெச்சிருக்கோம் சார். வேற எதுனா டிப்ஸ் இருந்தா சொல்லுங்க."

ரசம் வருவதற்கு முன்பே எழுந்து கை கழுவப் போனேன். போனவன் திரும்பவில்லை. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இலையில் பாயசம்கூட விழவில்லை... பாயசத்தை விட்டுவிட்டு வருகிற ஆளா நான்? என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் ஓடினேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழைய வாசகர்களுக்கு என் விமான நிலையப் பெருமை தெரியும். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அந்தப் புண்ணியத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது போய் வருகிறேன். போதாதா? உடனே நிபுணன் ஆகிவிட்டேன். பெல்ட்டை எப்போது கழற்ற வேண்டும், தண்ணீர் பாட்டிலை எங்கே காலி செய்ய வேண்டும், ஊறுகாயை எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று இதே இடத்தில் எழுதித் தள்ளினேன். நீங்களும் கத்தரித்து வைத்துக்கொண்டீர்கள்.

எங்கள் தெருவில் எஸ்தர் இருக்கிறாள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற இடத்தில், சூப்பர்வைசர். ஹெல்ப்பராகச் சேர்ந்து, மிஷினில் உட்கார்ந்து, மெல்ல மேலே வந்தவள். கம்பெனி பஸ் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் நிற்கும். அவள் புருஷன் அன்பு மினி லாரி ஓட்டுகிறான்.

அவளுடைய பழைய மேனேஜர் ஒருவர் இந்தோனேசியாவில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே புதிதாகச் சேர்கிற பெண்களுக்குத் தையல் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று எஸ்தரை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டார். இரண்டு வருட ஒப்பந்தம். நல்ல சம்பளம். பன்னிரண்டாவது முடித்திருந்த மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். இந்த வேலை கிடைத்தால் அவளைக் கல்லூரியில் சேர்த்துவிடலாம். எஸ்தர் கிளம்பியதே அதற்காகத்தான்.

பாஸ்போர்ட் இல்லை. யாரைக் கேட்பாள்? தெருவில் நான்தானே இருக்கிறேன்!

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மேலே கம்பெனி கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையெல்லாம் பசை வாசம். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். நான் லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நாற்காலி போட்டேன்.

"சர்டிபிகேட் எல்லாம் எடுத்துனு வந்திருக்கேன் சார். பாக்கறீங்களா?" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? ஆதார் போதும்" என்றேன்.

பெயர், பிறந்த தேதி, முகவரி என்று தட்டிக்கொண்டே போனேன். படிப்பு என்று ஒரு கட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு என்று போட்டேன். அவளைக் கேட்கவில்லை. அடுத்து, குடியேற்றச் சோதனையிலிருந்து விலக்கு உண்டா என்று ஒரு கேள்வி. எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. இல்லை என்று தட்டினேன். புரியாத கேள்விக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவது என் வழக்கம். வீட்டிலும் அப்படித்தான்.

பாஸ்போர்ட் வந்தது. விசா வந்தது. மேனேஜர் டிக்கெட்டும் அனுப்பிவிட்டார். எஸ்தர் இங்கே வேலையை ராஜினாமா செய்தாள்.

கிளம்புகிற அன்று காலை ஒரு வேன். உறவுக்காரர்கள், சபையிலிருந்து இரண்டு அம்மாக்கள், மகள், அன்பு... முன் சீட்டில் நான். வாலாஜா தாண்டுவதற்குள் என் பாடம் ஆரம்பமாகிவிட்டது. முதலில் விமானக் கம்பெனி கவுண்டர், பெட்டி போட வேண்டும். அப்புறம் இமிகிரேஷன். அப்புறம் செக்யூரிட்டி. வேனே வாயைப் பிளந்து கேட்டது.

அன்பு சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஏர்போர்ட்டில் பீஸ் கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். நான் சிரித்தேன். "அதெல்லாம் டிக்கெட்லயே சேர்ந்துடும்ப்பா. உள்ள யாராவது கேட்டாங்கன்னா என் பேரைச் சொல்லு." வேனில் எல்லாரும் சிரித்தார்கள். சென்னை விமான நிலையத்தில் என் பேரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? அதை யாரும் கேட்கவில்லை.

புறப்பாட்டு வாசலில் போய் நின்றோம். சபை அம்மாக்கள் எஸ்தர் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார்கள். கொஞ்சம் சத்தமாகவே பண்ணினார்கள். பெரியம்மா ஒருத்தி பிரியாணி பார்சலை அவள் கைப்பையில் திணிக்கப் பார்த்தாள். சக்கரப் பெட்டியோடு போனவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு ஒரு தூண் பக்கமாக நகர்ந்துவிட்டேன். ஜெபம் முடிந்ததும்தான் திரும்பி வந்தேன். அன்றைய வெட்கங்களில் இது சின்னது.

எஸ்தர் உள்ளே போனாள். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் வர்ணனை பண்ணிக்கொண்டிருந்தேன். "இப்ப பெட்டி போட்டிருப்பா... இப்ப இமிகிரேஷன். முத்திரை குத்திடுவாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மேல போயிடுவா."

ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் பெட்டி மாதிரியே பெட்டி, மேலே அன்பு கட்டிய சிவப்பு ரிப்பன். நான் அப்போதும், "யாரோ இதே மாதிரி பெட்டி வாங்கியிருக்காங்க" என்றேன்.

எஸ்தர்தான்.

அவள் அழவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இமிகிரேஷனில் நிறுத்திவிட்டார்களாம். பாஸ்போர்ட்டில் ஒரு குறிப்பு இருக்கிறதாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் போடுகிற குறிப்பு. அது இருக்கிறவர்கள் வளைகுடா, மலேசியா, இந்தோனேசியா என்று சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால், முன்னாடியே அரசாங்கத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். வாங்கவில்லை. பெட்டியையும் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"நான் பி.காம்னு சொன்னேன்" என்றாள் எஸ்தர். "அப்ப இது எப்படிமா வந்துச்சுன்னு அந்த ஆபீசர் கேக்கறாரு."

பி.காம்!

ப்ளஸ் டூ முடித்து, கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டே அஞ்சல் வழியில் படித்த பி.காம். வேனில் வந்த எல்லாருக்கும் அது தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அந்த பிளாஸ்டிக் கவர்... ஆதார் போதும் என்று நான் தள்ளி வைத்த கவர்...

அன்பு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "அந்த பீஸ் கட்டாததாலயா சார்?"

"இல்லப்பா, அது டிக்கெட்லயே இருக்கு" என்றேன். அந்த நேரத்திலும், ஒரு விஷயத்திலாவது நான் சொன்னது சரி என்று ஒரு துளி நிம்மதி வந்தது பாருங்கள்... அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திரும்புகிற வழியெல்லாம் வேனில் ஒரே பேச்சு. மேனேஜர்தான் சரியாக விசாரிக்கவில்லை. கூப்பிடுகிறவன் இதையெல்லாம் பார்க்க வேண்டாமா? பொண்ணு வாழ்க்கையில் விளையாடிவிட்டான். ஆளாளுக்குத் திட்டினார்கள். பெரியம்மா என்னைத் தட்டி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றாள்.

"ஆமா, அவர்தான் விசாரிச்சிருக்கணும்" என்றேன்.

எஸ்தர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர் மாதனூர் வந்ததும், "பத்திரமா எறங்குங்க சார்" என்று எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினேன். அப்படி ஒரு குறிப்பு அதில் இல்லை. இத்தனை தடவை அந்தக் கவுண்டரைத் தாண்டியிருக்கிறேன். ஒருவரும் என்னை அதைக் கேட்டதில்லை. என்னைக் கேட்காத கேள்வி உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். விவரம் தெரியாமல் போகிறவர்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற வந்தது. எல்லாம் தெரிந்தவர்களிடமிருந்து அவர்களை யார் காப்பாற்றுவது?

ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பால் வாங்கக்கூட அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். கடைசியில் என் வீட்டுக்காரிதான் பிடித்துத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்து எஸ்தர் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எஸ்தர், அதுல எட்டாவதுன்னு போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"பக்கத்துலதான உக்காந்துனு இருந்தேன். இங்கிலீஷ்லதான இருந்துச்சு. படிச்சேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கம்பெனில சேரும்போது நானே பத்தாவது பெயில்னுதான் சார் சொன்னேன். ஜாஸ்தி படிச்சிருந்தா லைன்ல எடுக்க மாட்டாங்க. படிச்சவங்க வேலைல நிக்க மாட்டாங்க, கேள்வி கேப்பாங்கன்னு நெனப்பாங்க. எங்க செக்‌ஷன்ல பாதிப் பேரு அப்படித்தான் சேர்ந்தாங்க. வெளிநாட்டுக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். நீங்க நாலு ஊரு பாத்தவங்க. தெரிஞ்சுதான் கம்மியா போடறீங்கன்னு இருந்துட்டேன்."

தெரிந்து போடவில்லை, எஸ்தர். கம்பெனி கோட்டைப் பார்த்துப் போட்டேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வேனில் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்றும் கேட்டேன். "எல்லாரும் உங்க மேல மரியாதையா இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு மீனிடம் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அன்புவிடம் சொன்னேன். "சரி சார்" என்றான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம். பெரியம்மா வீட்டுக்கும் போய், மேனேஜர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னைத் திட்டிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது. அதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புதிய பாஸ்போர்ட்டுக்கு எஸ்தரே விண்ணப்பித்தாள். என் லேப்டாப்தான். நான் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சான்றிதழைக் காட்டினாள், அந்தக் குறிப்பு இல்லாத பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அங்கே வேலை காத்திருக்கவில்லை. வேறு ஒருத்தி போய்விட்டாள். அடுத்து ஆள் எடுக்கும்போது சொல்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். மகள் இந்த வருடம் நர்சிங்கில் சேரவில்லை. ஆம்பூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். என் வீட்டுக்காரி அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

எஸ்தர் இப்போது வேறொரு ஷூ கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். சூப்பர்வைசராக இல்லை. மறுபடி மிஷினில். சேரும்போது படிப்பு கேட்டார்களா என்று விசாரித்தேன்.

"கேட்டாங்க. எட்டாவதுன்னு சொல்லிட்டேன்" என்றாள். "நீங்க போட்டதுதான சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும்.

பள்ளிகொண்டாவில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரே, இதைப் படித்தால் மன்னியுங்கள். உங்கள் தங்கை என்ன படித்திருக்கிறாள், அவள் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அனுமதி வாங்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். பெல்ட், பாட்டில், ஊறுகாய் எல்லாம் அப்புறம். கத்தரித்து வைத்திருக்கிற என் பழைய பத்தியை பஜ்ஜி மடிக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதட்டுமா என்று எஸ்தரிடம் கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பேரை மட்டும் மாத்திடுங்க சார். டிகிரின்னு தெரிஞ்சா கம்பெனில பேஜாராயிடும்."

மாற்றிவிட்டேன். பி.காம். படித்த குற்றத்துக்கு அவள் பெயரை ஒளித்துவைத்தாகிவிட்டது. என் பெயர் மட்டும் மேலே பெரிய எழுத்தில், சிரிக்கிற போட்டோவோடு வந்திருக்கிறது.