முனீஸ்வரியின் பேடுக்குப் பொட்டு கிடையாது

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டில், அபுபக்கர் பாயின் வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் யாருடைய சாமானை வேண்டுமானாலும் யாரும் எடுக்கலாம். ஸ்பேனரை எடுக்கலாம், ஜாக்கியை எடுக்கலாம், பாயின் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடை வரைக்கும்கூடப் போய் வரலாம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். முனீஸ்வரியின் பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டால் மட்டும் தொலைந்தோம். வீட்டில் முறுக்கு போட்டு வைக்கிற டப்பாதான் அது. ஆனால் உள்ளே இருப்பது காருக்குப் பாலிஷ் போடுகிற ஃபோம் பேடுகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில்.

"ஏத்தா, உள்ள நகையா வச்சிருக்க?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

"நகைன்னா தொட்டுப் பாக்க விட்டிருப்பேனே" என்பாள்.

முனீஸ்வரி சுருளிப்பட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் திராட்சைப் பந்தலுக்கடியில் அண்ணாந்து அண்ணாந்தே கழுத்துவலி கண்டவள். புருஷன் சுரேஷ்கண்ணன், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பின் டிரைவர். அவள் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தது ஓர் ஐயப்ப சீசனில். கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி ரோட்டில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. மலைக்குப் போய்த் திரும்புகிற வண்டிகளில் சேறும் சந்தனமும் மாலைச் சருகும் அப்பிக் கிடக்கும். கழுவ ஆள் போதாமல் பாய் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். சீசன் முடிந்ததும் மற்றப் பெண்கள் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் மறுநாளும் வாளியோடு வந்து நின்றாள்.

"நேத்தோட முடிஞ்சுச்சுன்னு சொன்னேனே தாயி" என்றார் பாய்.

"அப்பிடியா பாய்? எனக்குக் கேக்கலையே."

பாய் சிரித்துவிட்டார். சிரித்தவர் அப்புறம் எப்படிப் போகச் சொல்வார்? அவள் அங்கேயே வேரூன்றிவிட்டாள்.

அந்தக் காலத்தில் அங்கே பாலிஷ் என்றால் பெயின்டர் முத்துக்கருப்பன்தான். பஃப் என்கிற கம்பளி வட்டத்தைச் சுழல்கிற மிஷினில் மாட்டி, காம்பவுண்டுப் பசையை அள்ளி அப்பி, புகை வருகிற மாதிரி தேய்ப்பார். அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் அது போதும். புதிதாக வர ஆரம்பித்த கார்களில் பெயின்டுக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு உண்டு. கம்பளி அதில் வட்டவட்டமாகக் கோடு போட்டுவிடும். கறுப்பு வண்டியாக இருந்துவிட்டால் வெயிலில் நிறுத்தியதும் மானம் போய்விடும். இதற்காகவே பாய் எர்ணாகுளத்திலிருந்து ஒரு பை நிறைய ஃபோம் பேடு வாங்கி வந்தார். முத்துக்கருப்பன் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"மெத்தைப் பஞ்சு. படுத்துத் தூங்கலாம் பாய். பாலிஷ் போட முடியாது."

பை மூலைக்குப் போயிற்று. மூலையைக் கூட்டுகிறவள் முனீஸ்வரி.

"சும்மாதானே கெடக்கு, நான் போட்டுப் பாக்கவா?" என்று கேட்டாள். பாய் தன்னுடைய பழைய வேனைக் காட்டி, "கெடுக்கிறதுன்னா எம் வண்டியக் கெடு" என்றார். வண்டி கெடவில்லை. பேடுதான் கெட்டது. பெயின்டர்கள் பிரஷைக் கழுவுகிற மாதிரி முதல் பேடைத் தின்னரில் முக்கினாள். அது ஊதிப்போய் உதிர்ந்தது. அடுத்ததைக் கழுவித் தகரக் கூரை மேல் வெயிலில் போட்டாள். மிஷினில் மாட்டுவதற்காக முதுகில் ஒட்டியிருந்த பட்டை பசை விட்டுத் தனியாக வந்தது. முத்துக்கருப்பன் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். அவள் மூன்றாவதை எடுத்தாள்.

இப்படித் தானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். கெட்டியான பேடு கோடு எடுக்க, நடுவாந்தரம் துலக்க, மிருதுவானது கடைசி மினுமினுப்புக்கு. நிறத்தை நம்ப மாட்டாள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்ப்பாள். சட்டென்று எழும்பினால் கெட்டி, யோசித்து எழும்பினால் மிருது. எழும்பவே இல்லை என்றால் கடைக்காரர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கெட்டிக் காம்பவுண்டு பட்ட பேடில் மெல்லிய பாலிஷைத் தொட மாட்டாள். வேலை நடக்கும்போதே சின்ன பிரஷால் பேடின் முகத்தைத் தட்டிவிடுவாள். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு போட்டு அமுக்கி அலசுவாள். முறுக்கிப் பிழிய மாட்டாள். நிழலில்தான் காய வைப்பாள். தரையில் விழுந்த பேடு தங்கத்தாலே செய்ததாக இருந்தாலும் திரும்பக் கழுவாமல் வண்டியைத் தொடாது. மண் துகள் ஒன்று போதும், அது செய்கிற அக்கிரமத்துக்கு.

அவள் கையில் வண்டிகள் மின்ன ஆரம்பித்தன. கேட்டு வருகிறவர்களும் வந்தார்கள். வாளி பெண்ணுக்கு, மிஷின் ஆணுக்கு என்று எந்தக் கம்பெனிக்காரன் எழுதி ஒட்டி அனுப்பினானோ தெரியாது; முத்துக்கருப்பனுக்கு மட்டும் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

2006 ஆயுத பூஜை வந்தது. கொட்டகை பாயுடையது என்றாலும் பூஜை வருஷாவருஷம் தவறாது. பொரி, கடலை, பழமெல்லாம் பாய் வாங்கிக் கொடுப்பார். பூஜையை முத்துக்கருப்பன் நடத்துவார். பாய் ஓரமாகக் கைகட்டி நின்றுவிட்டு, முடிந்ததும் பொரியைத் தன் கையால் எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பார். அந்த வருஷமும் கம்ப்ரசருக்குப் பொட்டு, ஸ்ப்ரே கன்னுக்குப் பொட்டு, மிஷினுக்குப் பொட்டு என்று வந்த முத்துக்கருப்பன் முறுக்கு டப்பாவைத் திறந்தார்.

"அண்ணே, அதுக்கு வேணாமே. பஞ்சுக்குள்ள எறங்கிரும்."

"ஏத்தா, சோறு போடுற சாமான். பொட்டு வைக்காம விடுவாகளா? புத்தியோடதான் பேசுறியா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சாமி காரியத்தில் வாயைக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். ஒவ்வொரு பேடின் முகத்திலும் ஒரு விரல் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலையாகச் சின்னமனூர் வாழைக்காய் மண்டிக்காரர் தங்கபாண்டியின் கறுப்பு ஸ்கார்ப்பியோ வந்து நின்றது. முனீஸ்வரி பேடுகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள். முத்துக்கருப்பன் குறுக்கே வந்தார்.

"எங்க எடுத்துட்டுப் போற? பொட்டோட ஆரம்பிக்கணும். நல்ல நாளும் அதுவுமா கழுவி ஊத்துவாகளா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். பிரஷால் தட்டினாள். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. பார்வை போதாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போட்டாள். பாழாய்ப்போன தாட்சண்யம்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் தங்கபாண்டி வந்து இறங்கினார்.

"பாய், வந்து பாருங்க. மண்டி வாசல்ல வெயில்ல நிறுத்துனா, ஊரே கூடிச் சிரிக்குது."

முனீஸ்வரி குனிந்து பானட்டைப் பார்த்தாள். எவர்சில்வர் தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்த மாதிரி வட்டவட்டமாகக் கோடுகள்.

"நான் அன்னைக்கே சொன்னேன் பாய்," என்றார் முத்துக்கருப்பன். "பொம்பள கையில மிஷினக் குடுத்தா இப்பிடித்தான். அந்தக் கை விளக்குமாறு பிடிக்கிற கை."

பாய் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முனீஸ், கொஞ்ச நாளைக்கு நீ கழுவுறதப் பாரு தாயி. மிஷின முத்துக்கருப்பன் பாக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவளுக்கா தெரியாது? வாளியைத் தொட்டால் ஆயுசுக்கும் வாளிதான். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பாதிக் கோபம் முத்துக்கருப்பன் மேல். மீதி, வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேலேயே.

"மாட்டேன் பாய்" என்றாள்.

வெள்ளை மக்கில் தண்ணீர் மோந்தாள். முந்தின நாள் கடைசி மினுமினுப்புக்குப் போட்டு, நல்ல நாளென்று கழுவாமலே வைத்திருந்த கறுப்பு பேடை அதில் அமுக்கினாள். இன்னொரு தடவை அமுக்கினாள். தண்ணீர் சிவந்தது. அடியில் பொடிப்பொடியாகச் சந்தனம் தங்கியது. மக்கை அப்படியே பானட் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

பாய் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மெதுவாத்தா. குங்குமத்தால வண்டி கெட்டுச்சுன்னு எங் கொட்டகையில பேச்சு கெளம்புனா, அதை நாளைக்கு எவன் எப்பிடித் திரிப்பான்னு யாரு கண்டா?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் பாய். நான் பேசுறேன். எஞ் சாமி, எங் குங்குமம்."

தங்கபாண்டியிடம் திரும்பினாள். "முதலாளி, சாமி மேல குத்தமில்ல. கழுவாத பேடைப் போட்டது எந் தப்பு. அதைச் சரி பண்றதும் நாந்தான். வேற கை பட விடமாட்டேன்."

"மறுபடியும் நீயா?"

"பாதி பானட்டை மட்டும் பண்றேன். மறுபாதி இப்பிடியே கெடக்கும். வெயில்ல நிறுத்தி ரெண்டையும் பாருங்க. உங்களுக்குப் பிடிக்கலன்னா, வாளியும் வேணாம் மிஷினும் வேணாம், இந்தக் கொட்டகைப் பக்கமே நான் எட்டிப் பாக்கல."

தங்கபாண்டி யோசித்தார். "சரி, பண்ணு. நிக்கிறேன்."

"இன்னைக்கு ஆகாது. பேடு எல்லாத்தையும் கழுவிக் காய வைக்கணும். நாளைக்கு வாங்க."

இந்த நிலையிலும் நாளைக்கு வரச் சொல்கிறாளே என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். அவசரப்பட்டதால் வந்த வினையை அவசரத்தாலேயே தீர்க்க அவள் தயாராக இல்லை. தங்கபாண்டி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

சாயங்காலம் வீட்டில் சுரேஷ்கண்ணன் சமாதானம் சொன்னான். "விட்டுத் தள்ளு முனீசு. வாளி பிடிச்சாலும் அதே சம்பளந்தானே?"

"அதே சம்பளந்தான்னா நீ ஜீப் ஓட்ட வேணாம். ஜீப்பக் கழுவு."



மறுநாள் பானட்டின் நடுவே நீளமாக டேப் ஒட்டினாள். நடுவாந்தரப் பேடை எடுத்து உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மாட்டினாள். பேடைச் சாய்க்காமல், அமுக்காமல், மிஷினை மெல்ல நகர்த்தினாள். கொட்டகையில் வேலை நின்றுபோயிருந்தது. முத்துக்கருப்பன் தூணில் சாய்ந்து பீடி பிடித்தார். பிறகு கறுப்பு பேடு. பிறகு சுத்தமான துணி. டேப்பை உரித்துவிட்டு, "வெளிய எடுங்க" என்றாள்.

வெயிலில் பானட் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் நார் தேய்த்த தட்டு. மறுபக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கறுத்து ஆழமாக இருந்தது. தங்கபாண்டி குனிந்து தன் முகத்தையே பார்த்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டார். பிறகு விரலை நீட்டித் தடவப் போனார்.

"கைய எடுங்க முதலாளி! விரல்ல தூசி இருக்கும்."

பாய் பதறிப்போனார். தங்கபாண்டி கையை இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மறுபாதியையும் முடி" என்றார்.

மிஷின் அவள் கையிலேயே இருந்தது. ஆனால் முத்துக்கருப்பன் விட்டபாடில்லை. ஒரு வருஷம் முழுக்க, எந்த வண்டி பாலிஷுக்கு வந்தாலும், "அந்தக் கைதானே போடுது? பாத்துக்கங்க" என்று வந்தவர் காதில் போட்டுவைப்பார். தன் பொட்டைக் குறை சொல்லிவிட்டாள் என்ற வலி அவருக்கு. இவளும் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கம்ப்ரசருக்கும் ஜாக்கிக்கும் மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே முத்துக்கருப்பன் கடைசியில் வந்து நின்றார். முறுக்கு டப்பா மூடியிருந்தது. அதற்கு முன்னால் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

"டப்பாவத் தெற."

"மாட்டேண்ணே."

"பொட்டு இல்லாம ஒரு சாமான் இருந்தா சாமி குத்தம் ஆயிரும்."

"ஆகாது. நேத்தே கழுவி, காய வச்சு, சாமியக் கும்பிட்டுத்தான் மூடியிருக்கேன். அதுக்கு அது போதும்."

பாய் பொரித் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் போன வருஷம் போலவே அவளைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவள் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து, வலது கையை முந்தானையில் துடைத்து, அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"வச்சே ஆகணும்னா இதுக்கு வைங்க. இந்தக் கையாலதான் கோடு விழுந்துச்சுன்னு வருஷம் பூரா சொன்னீகளே. இங்கன பாலிஷ் போடுறது இதுதான். இதுவும் சோறு போடுற சாமான்தான்."

முத்துக்கருப்பன் விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பாயைப் பார்த்தார். பாய் நிமிரவில்லை. பிறகு விரலைத் திரும்பவும் கிண்ணத்தில் தோய்த்து, அவள் புறங்கையில் சந்தனம் வைத்தார். அதன் நடுவில், ஸ்ப்ரே கன்னுக்கு வைக்கிற அதே கவனத்தோடு, குங்குமம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் முதல் வண்டி வந்து நின்றதும் முனீஸ்வரி நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அந்தக் கையைச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். அப்புறம்தான் டப்பாவைத் திறந்தாள். முத்துக்கருப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பொட்டோடு ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.