தொட்டவுடன் விடணும்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்து வாசலில் இஸ்திரி போடும் அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு, வலது கை மட்டும் பயில்வானுடையது. அவருடைய தள்ளுவண்டிக்கு எதிரே காம்பவுண்டு சுவரில், வீடு காலி செய்த யாரோ விட்டுப்போன டார்ட்ஸ் பலகை தொங்கும். ஒரு சட்டையை மடித்து வைத்ததும் மூன்று அம்புகள் எறிவார். பிடுங்கி வந்து அடுத்த சட்டையை விரிப்பார். பயிற்சிக்கென்று வேறு நேரம் கிடையாது. அநேகமாக மூன்றும் நடுப்புள்ளியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் நானும் எறிந்து பார்த்தேன். மூன்றும் சுவரில் பட்டு விழுந்தன.

"இன்னா சார், அம்ப வுடாம புட்சிகினே கீறீங்களே! பொட்டி சூடாச்சான்னு வெரல வெச்சிப் பாப்போம்ல? தொட்டவொடனே எடுத்துருவோம்ல? அப்டி வுடணும்."

அப்படியே விட்டேன். ஒன்று பலகையின் ஓரத்தில் குத்தி நின்றது. எனக்கே நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் டார்ட்ஸ் போட்டி நடக்கிறது, பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கண் ஒரு கணம் பலகைக்குப் போய்த் திரும்பியது.

"ஞாய்த்திக்கெழம நா அங்க பூட்டா, திங்கக்கெழம நீங்கள்லாம் இன்னாத்தப் போட்டுகினு ஆபீஸ் போவீங்கோ?"

திங்கட்கிழமை காலை லிஃப்டில் நாங்கள் ஏழு பேர், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றோம். அம்பத்தூரில் யாரோ கோப்பை வாங்கியிருந்தார். தான் யாரிடமிருந்து தப்பித்தோம் என்று அந்த ஆளுக்குத் தெரியாது.