குளத்தில் இறங்கிய உடும்புகள்

கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு சோமனூர் வீட்டில் இரண்டு மாதம் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் எங்கள் ஹாலில் நாலு லேப்டாப் வைத்துப் போர் விளையாட்டு ஆடுவதைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. அன்று மட்டும் ஊரில் விசைத்தறிகள் ஓடாது, ஹாலில் பேசினால் காதில் விழும். கணவரும் மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அவர் நண்பரும் ஒரு கட்சி. நூல் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி எதிர்க்கட்சி. ஊர் அமைத்து, மரம் வெட்டி, படை திரட்டி, எதிரியின் ஊரை அழிக்க வேண்டும். பெரும்பாலும் அண்ணன் தம்பிதான் ஜெயிப்பார்கள்.

ஒரு வாரம் மேட்டுப்பாளையத்துக்காரரால் வர முடியவில்லை.

“நான் ஆடறேனுங்க” என்றேன்.

கணவர் தயங்கினார். தம்பிக்காரர் சிரித்தார். “ஆடட்டுமுங்க. அம்மணி சும்மா வெறகு வெட்டிட்டு இருக்கட்டும்.”

வார நாட்களில் கணவர் தறிக்குப் போனதும், நான் தனியாக ஆடிப் பழகியிருந்தது யாருக்கும் தெரியாது. எல்லோரையும்விட எனக்கு அந்த விளையாட்டின் வரைபடம் நன்றாகத் தெரியும். தோற்பேன் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

சீனப் படையைத் தேர்ந்தெடுத்தேன். அதில் சீனப் புராணத்து மிருகம் ஒன்று உண்டு. முதலை அளவு உடம்பு, வழவழப்பான தோல், தவளையைப் போல அகன்ற வாய். கப்பல் கரையேறாது, குதிரை நீந்தாது. இந்த மிருகத்துக்கு இரண்டும் வரும். எங்கள் ஹாலில் அதற்கு உடும்பு என்று பெயர். விலை அதிகம், தரையில் மெதுவாக நடக்கும் என்று யாரும் அதை வாங்குவதே இல்லை.

அண்ணன் தம்பியின் ஊர்கள் ஒரு பெரிய குளத்தின் கரையில் அடுத்தடுத்து இருந்தன. தரைப்பக்கம் கோட்டைச் சுவர் எழுப்புவார்கள். குளத்துப் பக்கம் ஒன்றும் இருக்காது. தண்ணீரே வேலி என்ற நினைப்பு. இரண்டு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

முதலில் அவசரப்பட்டு இரண்டு உடும்புகளை அனுப்பினேன். வில்லாளிகள் கரையிலேயே கொன்றுவிட்டார்கள்.

“பாத்தீங்களா, வேஸ்ட்டுங்க அது” என்றார் அண்ணன்காரர்.

ஏழு சேரும் வரை காத்திருந்தேன். அதற்குள் அண்ணன் தம்பி இருவரும் மொத்தப் படையையும் கிளப்பிக்கொண்டு போய் என் கணவரின் ஊருக்குத் தீ வைத்தார்கள்.

“ஏம்புள்ள, ஆளனுப்பு! எல்லாம் போகுது!” என்று கணவர் கத்தினார்.

“அனுப்ப மாட்டனுங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்குங்க.”

நாலு பேர் முன்னால் நான் அவருக்கு அப்படி மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஏழும் வரிசையாக நீந்திப் போய்க் கரையேறின. ஊரில் விவசாயிகளைத் தவிர யாரும் இல்லை. வயல், களஞ்சியம், கோயில், கடைசியில் நடு மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே அடுத்த ஊருக்குள்ளும் நுழைந்தன. அண்ணன்காரர் பதறிப்போய்ப் படையைத் திருப்பினார். குளத்தைச் சுற்றிக்கொண்டு அது வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

தம்பிக்காரர், “வெறகு வெட்டச் சொன்னது தப்புதானுங்க அம்மணி” என்றார்.

அவர்கள் போன பிறகு கணவர் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்பப் பழகுன?”

சொன்னேன். சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் நான் டீயை எடுத்தேன்.

மறு வாரம் மேட்டுப்பாளையத்து நண்பர், “வாரனுங்க” என்று போன் செய்தார். “வாங்க, ஆனா இன்னிக்கு நீங்க பாத்துட்டுத்தான் இருக்கோணும்” என்றார் கணவர்.

அன்று அண்ணன் தம்பி, இருந்த கல்லையெல்லாம் செலவழித்துக் குளத்தங்கரை முழுக்கச் சுவர் எழுப்பினார்கள். தரைப்பக்கச் சுவருக்குக் கல் மிஞ்சவில்லை. நான் உடும்புகளைத் தரை வழியாகவே நடத்திக் கூட்டிப்போனேன்.