அன்வரின் சுவரில் கடித்த ரொட்டிகள்

எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அன்வரின் வீட்டுச் சுவரில் ரொட்டிகள் தொங்கும். தட்டளவு வட்ட ரொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்த பள்ளம். முதல் தடவை பார்த்தபோது, நம்மவர்கள் புதுவீட்டில் நீற்றுப்பூசணிக்காய் கட்டுவதுபோல் இதுவும் நாவூறு படாமலிருக்கத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதோடு விட்டேனா? எலி வரும், எறிந்துவிடுங்கள் என்று அரைகுறைப் பிரெஞ்சில் புத்தியும் சொன்னேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது. வெட்கக்கேடு, அதன் பிறகுதான் விசாரித்தேன்.

அன்வர் உஸ்பெக்கிஸ்தானிலிருந்து அகதியாக வந்தவர். மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் தெருவைச் சுற்றி, அவரையும் சேர்த்து அவருடைய ஆட்கள் ஐந்து குடும்பம் இருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் எல்லோரும் அவர் வீட்டில்தான். கரட்டும் ஆட்டிறைச்சியும் போட்ட பலோவ் சோற்றின் மணம் படிக்கட்டு வழியே இறங்கி வரும். பிறகு, பிரெஞ்சு பிடிபடவில்லை, வேலை சரிவரவில்லை என்று ஒவ்வொரு குடும்பமாக ரொறன்ரோவுக்கும் கல்கரிக்கும் பெயர்ந்தார்கள். பயணம் போகிறவர் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போகவேண்டும். அவர் திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடும்வரை வீட்டார் அதைச் சுவரில் காத்து வைக்கவேண்டும். அது அவர்களுடைய ஊர்ப் பழக்கம். நாலு ரொட்டி தொங்கியது, ஒருவரும் திரும்பவில்லை. ஐந்து வீட்டுக்குச் சமைத்துப் பழகிய கை குறைத்துச் சமைக்கத் தெரியாமல் எங்கள் கதவைத் தட்டியது. ஞாயிறுகளில் நானும் மனைவியும் மேலே ஏறத் தொடங்கினோம்.

உங்கள் ரொட்டி ஊரில் தொங்குகிறதா என்று ஒருநாள் கேட்டேன். அன்வர் தலையை ஆட்டினார். ஓம் என்கிறார் என்று எண்ணி, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றேன். அவர் எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். நாட்டைவிட்டு வெளிக்கிட்ட அவசரத்தில் ரொட்டி கடிக்க நேரமிருக்கவில்லை என்று அவர் மனைவிதான் விளக்கினார். எனக்கா அது விளங்காது? போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க இறங்கி ஓடியவன் நான். அந்த வீட்டில் இன்று சுவரே இல்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. மகள் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் வீடு வாங்கி எங்களையும் கூப்பிட்டாள். மூன்று ஞாயிறு அன்வரிடம் அதைச் சொல்லாமலே சாப்பிட்டேன். கடைசியில் மனைவிதான் சொன்னாள். அவர் வழக்கத்தைவிட அதிகமாக எங்கள் தட்டில் இறைச்சி வைத்தார்.

லொறி வந்த காலை, அன்வர் துணியில் சுற்றிய சூடான ரொட்டியோடு இறங்கி வந்தார்.

"கடியுங்கள். மிச்சம் இங்கே இருக்கும்."

நான் தயங்கினேன். கடித்தால் வாக்குக் கொடுத்ததுபோல. திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

"கடியுங்கோவன்," என்றாள் மனைவி. "அந்த மனிசன் எவ்வளவு நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

கடித்தேன். எள்ளு வாசம். வாயில் ரொட்டியோடு அழுதேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களே, ஸ்காபரோவில் தடக்கி விழுந்தால் தமிழ்க்கடை. ஆனாலும் ஞாயிறு மத்தியானம் யாரோ கதவைத் தட்டுவதுபோலவே இருக்கிறது. போன கிழமை அன்வர் ஒரு படம் அனுப்பினார். சுவரில் ஐந்தாவது ரொட்டி, கீழே மேசையில் இரண்டே தட்டு. என் முன்பற்களுக்கு நடுவிலுள்ள நீக்கல் ரொட்டியில் அப்படியே பதிந்திருந்தது. பிறந்த மண்ணில் என் பேருக்கு ஒரு கல்லும் மிஞ்சவில்லை. நான் திரும்பி வருவேன் என்று இந்த உலகத்தில் ஒரு வீடு காத்திருக்கிறதென்றால், அது மொன்றியலில் இருக்கும் ஒரு உஸ்பெக் வீடுதான்.